இரவு ஷிப்டுக்காரர் வீட்டில் பாடவேளை

காலை ஏழேகாலுக்கு அவர் வருவார்,
சட்டையில் செம்பனை மில்லின் கொதிவாடையோடு.
பூட்ஸை வாசலில் கவிழ்க்கும்போதே
நடு அறையில் திரையை இழுத்துவிட்டிருப்பேன்.
ஃபேன் மூன்றில்.
அவர் படுத்த பத்தாம் நிமிடம்
எங்கள் பள்ளி தொடங்கும்,
மணி இல்லாமல்.

சமையல் மேசையில் மூன்று பேர்.
லோஷினிக்கு இயற்கணிதம்
(முந்தின ராத்திரி நான் படித்து வைத்தது,
பாதி புரிந்தது).
தர்வினேஷுக்கு வாசிப்பு.
சின்னவள் ஹேமிஷாவுக்குப்
பச்சைப்பயறை எண்ணி ஐஸ்கிரீம் டப்பாவில் போடும் வேலை.
டப்பா சத்தம் போடும் என்று
உள்ளே ஒரு கைக்குட்டை விரித்திருக்கிறோம்.

இங்கே எல்லாம் மூச்சுக்காற்றில்தான்.
ஏழாம் வாய்ப்பாடு, மலாய் சொல்வதெழுதுதல்,
"இவ என் அழிப்பான கடிச்சிட்டாம்மா" என்ற வழக்கு,
என் தீர்ப்பு,
தீர்ப்பை எதிர்த்து உடனே மேல்முறையீடு.
கத்த வேண்டியதைக் கண்ணால் கத்திக்கொள்கிறேன்.
குக்கர் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை;
சாதம் இப்போதெல்லாம் திறந்த பானையில்.

பத்தரைக்கு ரொட்டி பாய் வருவார்.
தாமான் முழுக்க ஹாரன் அடித்து வருபவர்
எங்கள் வரிசைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்து
மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்பார்.
"இன்னிக்கும் லீவா?" என்று வாயை மட்டும் அசைப்பார்.
நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.
கடலை பன் மூன்று, இரண்டு வெள்ளி எழுபது காசு.
மீதியை லோஷினி சொல்ல வேண்டும், விரல் விடாமல்.

ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று
பாடாங் செராயில் கேட்காதவர் இல்லை.
கோயில் கமிட்டிக்காரரிடம் ஆஸ்துமா என்றேன்.
பக்கத்து வீட்டு மாரியாயிடம் பஸ் கட்டணம் என்றேன்.
கல்வி இலாகாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன்,
அதிலும் இதை எழுதவில்லை:

காலை அசெம்பிளியில் இவனைப் பெயர் சொல்லச் சொன்னார்கள்.
த, த என்று முதல் எழுத்திலேயே நின்றான்.
பின்வரிசை எண்ணத் தொடங்கியது.
பதினேழு வரை எண்ணினார்களாம்.
அவனேதான் சொன்னான்.
சொல்லி முடிக்க
பதினேழுக்கும் மேலே ஆனது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.
ஆற்றைக் கடந்த யானைக் கூட்டத்தைப் பற்றி
எதிரில் அவன் குசுகுசுவென்று வாசிக்கிறான்.
ஒரு வரி. அடுத்த வரி.
பத்தி முழுக்க.
எங்கும் நிற்கவில்லை.
லோஷினி என்னைப் பார்த்தாள்.
நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை.
வைத்தால் கவனித்துவிடுவான்.

போன மாதம் அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள்.
"இனிமே பிள்ளைங்க சத்தமா படிக்கலாம்" என்று
தாப்பாவ் மீ வாங்கி வந்தார்.
திங்கட்கிழமை, முதல் வேலையாக,
ஹேமிஷா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள்.
கைக்குட்டை பறந்தது.
நானும் குக்கரை இறக்கினேன்.
தர்வினேஷ் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து
உரத்த குரலில்
ப, என்றான்.
ப.
ப.
டப்பாகூட நின்றுவிட்டது.

லோஷினி கணக்கிலிருந்து தலை தூக்கவில்லை.
எழுந்து போய்
நடு அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.
"உஷ்," என்றாள்.
"அப்பாதான் இல்லியே," சின்னவள் மூச்சில் கேட்டாள்.
"கட்டிலு தூங்குது."

அவன் அறைக் கதவைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
பிறகு காற்றைப் போல
பன்றிக்குட்டி ஒன்று தோட்டத்துக்குள் நுழைந்தது,
மரவள்ளியைத் தோண்டியது,
நாய்கள் துரத்தின,
அடுத்த பக்கம் திரும்பியது.

குக்கர் பக்கம் யாரும் போகவில்லை.
அன்று பன்னிரண்டரை வரை
அந்தக் கட்டிலை நாங்கள் எழுப்பவே இல்லை.
சாப்பாடு லேட்.